சேலை வியாபாரத்துக்கு 'டாட் ஷாப்' கைகொடுக்குமா? புது இணைய முகவரி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சங்கரன்கோவில்:

விசைத்தறி சத்தம் ஓயாத சங்கரன்கோவிலில் காட்டன் சேலை வியாபாரம் இப்போது கடை வாசலோடு நின்று விடுவதில்லை. வாட்ஸ்அப்பில் படம் போகிறது. கூரியரில் சேலை போகிறது. அடுத்த கட்டமாக சொந்தமாக இணையதளம் தொடங்க நினைக்கும் வியாபாரிகள் முதலில் முட்டி நிற்கும் இடம், கடை பேருக்கு பின்னால் எந்த வாலை போடுவது என்பதுதான்.

டாட் காம் வேண்டும் என்று கேட்டால், "அது போயிட்டு அண்ணாச்சி. டாட் ஷாப் இருக்கு, டாட் ஸ்டோர் இருக்கு. நூறு, இருநூறு ரூபாதான்" என்று பதில் வருவது வழக்கம்.

மலிவாக கிடைத்தால் லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அட்டைப்பெட்டி, துணிப்பை, பில் புக், கடை போர்டு என்று எல்லாவற்றிலும் அச்சடித்த பிறகு முகவரியை மாற்றுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. எனவே வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

வால் வந்த கதை

டாட் காம் 1985-ம் ஆண்டு வந்தது. இந்தியாவுக்கான டாட் இன் முகவரியை 2005-ம் ஆண்டு முதல் யார் வேண்டுமானாலும் எளிதாக வாங்கலாம் என்று ஆனது.

உலகம் முழுவதும் இணைய பெயர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஐகான். புது வால்களுக்கு 2012-ல் இந்த அமைப்பு விண்ணப்பம் வாங்கியது. ஒரு விண்ணப்பத்துக்கு கட்டணம் 1 லட்சத்து 85 ஆயிரம் டாலர். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன.

டாட் ஷாப் வாலை ஜப்பான் நிறுவனம் ஒன்று 2016-ல் 4 கோடியே 15 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தது. டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் போன்றவற்றை நடத்தும் ராடிக்ஸ் நிறுவனத்தை தொடங்கியவர் மும்பையை சேர்ந்த பவின் துராகியா.

இவ்வளவு பணம் போட்டவர்கள் அதை எடுக்காமல் விடுவார்களா? அங்கேதான் வியாபாரிகள் உஷாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் வருஷ பில்

புது வால்களில் பல முதல் வருஷம் 100, 200 ரூபாய்க்கு கிடைக்கும். இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும்போது 2 ஆயிரம், 3 ஆயிரம் என்று பில் நீட்டுவார்கள். ஜி.எஸ்.டி. தனி. கேட்டதும் மனதில் நிற்கும் சின்ன பேர்களை 'பிரீமியம்' என்று ஒதுக்கி வைத்து, அதற்கு இன்னும் கூடுதலாக வாங்குவதும் உண்டு.

டாட் காமை நடத்தும் நிறுவனம் தன் மொத்த விலையை ஏற்றுவதற்கு ஒப்பந்தப்படி உச்சவரம்பு உண்டு. புது வால்களுக்கு அப்படி ஒரு கடிவாளம் கிடையாது. ஆகவே முதல் வருஷ விலையை பார்க்க வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று கணக்கு போட வேண்டும்.

சும்மா கிடைத்ததை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. டாட் டிகே போன்ற முகவரிகளை இலவசமாக கொடுத்து வந்த ஃப்ரீநாம் நிறுவனம் 2023-ல் புது பதிவை நிறுத்தியது. மறு வருஷமே அந்த தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. அந்த முகவரிகளை அச்சடித்து வைத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

போனில் சொன்னால் புரியுமா?

மதுரையில் இருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் முகவரி கேட்கிறார் என்று வையுங்கள். கடை பேரை சொல்லி 'டாட் ஷாப்' என்றால், அவர் பேரோடு ஷாப்பையும் சேர்த்து எழுதி, கடைசியில் டாட் காம் போட்டு தேடுவார். பழக்கம் அப்படி.

இது சின்ன கடைக்கு மட்டும் வரும் சங்கடம் அல்ல. அமெரிக்காவின் பெரிய ஆன்லைன் கடையான ஓவர்ஸ்டாக், 2011-ல் 'ஓ டாட் கோ' என்று பேரை சுருக்கி கோடிக்கணக்கில் விளம்பரம் செய்தது. ஜனங்கள் 'ஓ டாட் காம்' என்று தட்டி வழி தவறி போனார்கள். அந்த வருஷமே விளம்பரங்களில் பழைய பேருக்கு திரும்ப வேண்டியதாயிற்று.

சங்கரன்கோவிலுக்கு இன்னொரு தலைவலியும் இருக்கிறது. ஊர் பேரை ஆங்கிலத்தில் சிலர் 'கோவில்' என்று எழுதுகிறார்கள். சிலர் 'கோயில்' என்கிறார்கள். அதிலும் 'யி' போட்டு எழுதுபவர் பாதி, வெறும் 'இ' போட்டு எழுதுபவர் பாதி. ஊர் பேரோடு முகவரி வைத்தால், வாலை குழப்புவதற்கு முன்பே எழுத்து குழப்பி விடும். சின்ன பேராக, ஒரே மாதிரி எழுதக் கூடியதாக வைப்பது உத்தமம்.

தமிழிலேயே வைக்கலாமே என்றால், 'டாட் இந்தியா' என்பதை தமிழ் எழுத்திலேயே போடும் வசதி இருக்கிறது. எழுத்து குழப்பம் வராது. பையில் அச்சடித்தால் பார்க்கவும் அழகு. ஆனால் தமிழ் முகவரியில் இமெயில் எல்லா இடத்திலும் ஒழுங்காக போய் சேருவதில்லை. இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் தூக்கி விடுமா?

"டாட் ஷாப் வாங்கினா கூகுள்ல முதல்ல வரும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இது உண்மை அல்ல. புது வால்களுக்கு தேடலில் தனி சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை என்று கூகுள் 2015-லேயே அறிவித்து விட்டது. டாட் இன் இருந்தால் இது இந்திய கடை என்று புரிந்து கொள்ளும், அவ்வளவுதான்.

வங்கிகள் மாறியது ஏன்?

அப்படியானால் வாலுக்கு மதிப்பே கிடையாதா? உண்டு. வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-ந் தேதிக்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஸ்டேட் வங்கி முகவரியும் அப்படியே மாறியது.

இந்த வாலை கண்டவர்களும் வாங்க முடியாது. ஐதராபாத்தில் உள்ள வங்கி தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சரிபார்த்து, வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கிறது. போலி வங்கி தளங்களை ஜனங்கள் அடையாளம் காண இது உதவும்.

விஷயம் இதுதான். கதவில் காவல் இருக்கும் வாலுக்கு நம்பிக்கை கூடும். டாட் ஷாப்பில் அந்த காவல் இல்லை. நல்ல கடையும் வாங்கலாம், தீபாவளி நேரத்தில் பணத்தை சுருட்டும் போலியும் வாங்கலாம்.

பேர் பறிபோனால்...

ஒருவர் கடை பேரில் இன்னொருவர் முகவரி வாங்கி விட்டால் என்ன செய்வது? சென்னையை தலைமையிடமாக கொண்ட சிஃபி நிறுவனம், தன் பேரை போலவே 'சிஃப்பிநெட்' என்று முகவரி வைத்த நிறுவனத்தின் மீது வழக்கு போட்டு 2004-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தது. இணைய பெயருக்கும் வணிக முத்திரை போல பாதுகாப்பு உண்டு என்பது அந்த தீர்ப்பு.

டாட் இன் என்றால் இந்தியாவிலேயே சமரச தீர்ப்பாளர் முன் புகார் செய்யலாம். டாட் ஷாப் போன்றவற்றுக்கு ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு போன்ற இடங்களுக்கு போக வேண்டும். அங்கே ஆரம்ப கட்டணமே 1,500 டாலர். நம்ம ஊர் பணத்தில் லட்சத்தை தாண்டும். வணிக முத்திரை பதிவு இருந்தால் வழக்கு பலமாகும். சிறு வியாபாரி ஆன்லைனில் பதிய ஒரு பிரிவுக்கு 4 ஆயிரத்து 500 ரூபாய்தான்.

தென்காசி மாவட்டம் தந்த பாடம்

மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் டாட் காம் முகவரி கொண்டதுதான். ஆனாலும் 2018 செப்டம்பரில், மோசடி இமெயில் புகார்களை காரணம் காட்டி, பதிவு செய்து கொடுத்த நிறுவனம் அந்த முகவரியையே முடக்கி விட்டது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தவித்தனர். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டிய நிலை வந்தது.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த கதி. எந்த வால் என்பதைவிட, யாரிடம் பதிவு செய்கிறோம், யார் பேரில் பதிவு செய்கிறோம் என்பது முக்கியம். வெப்சைட் செய்து கொடுப்பவர் தன் பேரிலேயே பதிந்து கொண்டால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் கடை பேர் அவர் கையில்.

என்ன செய்யலாம்?

* டாட் இன் அல்லது டாட் காம், இரண்டில் ஒன்றாவது கிடைக்கும் பேராக பார்த்து வையுங்கள். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள்.

* அதே பேரில் டாட் காம் வைத்து இன்னொருவர் சேலை விற்றால், வாலை மாற்றாதீர்கள், பேரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விளம்பரத்தில் அவருக்கு வியாபாரம் நடக்கும்.

* பையில் கியூ.ஆர். கோடு அச்சடித்து, ஆடித்தபசு, தீபாவளி தள்ளுபடிக்கு தனி பக்கம் திறக்க டாட் ஷாப் நல்ல யோசனை. யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அதை தட்டினால் முக்கிய தளத்துக்கு வரும்படி செய்து விடுங்கள்.

* பதிவு உங்கள் பேரில், உங்கள் இமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.

சேலை வெளுத்தால் வேறு சேலை கொடுத்து சமாளிக்கலாம். பத்து வருஷம் பாடுபட்டு சம்பாதித்த கடை பேர் கை மாறினால் திரும்ப வாங்குவது கஷ்டம்.