நிலைப்படியில் உரியும் மஞ்சள்

ஆந்திர-தமிழக எல்லையிலுள்ள நகரியின் பழைய தெருக்களில் உள்ள மரக்கதவுகளைக் கவனித்தால், பெயிண்ட் முதலில் உரிவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் என்பது தெரியும். மேல்சட்டம் பளபளப்பாக நிற்கும். நிலைக்காலின் அடியும் நிலைப்படியும் மட்டும் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கும். தினமும் காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. மரத்தின் நுண்குழல்கள் அடிமுனையில் வெட்டுப்பட்டுத் திறந்து கிடப்பதால், பெயிண்ட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஈரம் அவ்வழியே உள்ளே ஏறிவிடும்.

ஈரம் ஏறிய மரம் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. புதிதாக அடித்த எனாமல் இந்த அசைவுக்கு ஓரளவு இழுபட்டுக் கொடுக்கிறது. ஆனால் அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் பல ஆண்டுகள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்துகொண்டே இருப்பதால் படலம் இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. நகரியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பழைய படலம் வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி அடியிலேயே தங்குகிறது. வெடிப்பின் மேல் புதுப் பூச்சு அடித்தால் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காததற்குக் காரணம் இதுதான். பழையதை எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கும் முன், அந்தப் பெயிண்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவந்த நிலைப்படிக்கு, மஞ்சள் எனாமல் அடித்துச் சிவப்புப் பொட்டு வைப்பது தமிழர் வீட்டிலும் தெலுங்கர் வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. பழைய எனாமலில் அந்த அடர்ந்த மஞ்சளைத் தந்துவந்த நிறமிகளில் முக்கியமானது லெட் குரோமேட், அதாவது ஈயமும் குரோமியமும் சேர்ந்த உப்பு. அதோடு நீல நிறமியைக் கலந்தால் கதவுக்கு அடிக்கும் பச்சை. ஜன்னல் கம்பிகளுக்குத் துருப்பிடிக்காமலிருக்க அடித்த செந்நிற முதல்பூச்சிலும் ஈய ஆக்சைடு உண்டு. பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். ஆகவே மற்ற நிறங்களையும் நம்ப முடியாது.

வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா 1978-ல் தடை செய்தது. இந்தியாவில் 2016 நவம்பரில் விதி அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது: பத்து லட்சம் பங்கில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் அடித்த எந்தப் பூச்சையும் ஈயம் கலந்ததாகவே கருதுவது நல்லது. பெயிண்டைத் தொட்டதும் ஈயம் இருந்தால் சிவக்கும் பரிசோதனைக் குச்சிகளும் உண்டு.

நிலைப்படி என்பது தவழும் குழந்தை பிடித்து எழும் இடம். உட்கார்ந்து விளையாடும் இடம். அதே கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சுகிறது. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இத்தனைக்கும், ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தைவிட அதை எடுக்கும் முறைதான் அதிகக் கேடு செய்கிறது. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பதும், அதைவிட மோசமாக மின் இயந்திரம் வைத்துத் தேய்ப்பதும் ஈயத்தை மாவுபோன்ற தூசியாக்கி வீடு முழுக்கப் பரப்பிவிடும். தீச்சுடரால் பொசுக்கி எடுப்பது ஈயத்தை ஆவியாக்கும். பெயிண்ட் ரிமூவர் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் மெத்திலீன் குளோரைடு உள்ளவற்றின் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் அதைப் பயன்படுத்தியவர்கள் இறந்ததால், பொதுமக்களுக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019-ல் தடுத்தது. சாயப்பட்டறைகளில் புழங்கும் காஸ்டிக் சோடா, எண்ணெய்ப் பிசினைச் சோப்பாக்கிக் கழற்றிவிடும். ஆனால் தேக்கைக் கறுக்க வைத்து, நாரையும் பிசிறாக்கும். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

மெதுவானதே நல்ல வழி. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்புறப்படுத்தி, தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்தபடியே பட்டித் தகட்டால் மர ரேகையின் போக்கில் சுரண்ட வேண்டும். பெயிண்டர் துணி முகமூடியோடு நிற்காமல், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் போட வேண்டும். அதை வாங்கித் தருவது வீட்டுக்காரரின் கடமை. முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது. மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதல்பூச்சை அடிமுனையிலிருந்து தொடங்குவது நல்லது. நிலைப்படிக்கு மட்டுமாவது எனாமலை விட்டுவிட்டு நல்ல மஞ்சளையே பூசலாம்.

சுரண்டிய செதில்களைப் பையில் கட்டி, பிள்ளைகள் கைபடாமல் குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். பெயிண்ட் அடித்த பழைய கதவையோ ஜன்னலையோ போகி நெருப்பில் போடாதீர்கள். ஈயம் எரிந்து அழிவதில்லை. புகையாகத் தெருவுக்கும், சாம்பலாக வாசலுக்கும் திரும்பி வரும்.