"இதுதாம்மா கடைசி!" - வளர்ந்த மகனின் கடனை எத்தனை முறை அடைப்பது?

"இந்த ஒரு தடவை மட்டும் கட்டிடும்மா. வேலை கிடைச்சதும் திருப்பித் தந்துடுறேன்."

28 வயது மகன் இப்படி வந்து நின்றால், பீரோவைத் திறக்காத அம்மாக்கள் குறைவு. முதலில் மோதிரம் போகும், அடுத்து வளையல், அப்புறம் அப்பாவின் பி.எஃப் பணம். ஆனாலும் கடன் அடையாது. ஒரு லோன் ஆப்பில் வாங்கியதைக் கட்ட இன்னொரு ஆப்பில் வாங்கியிருப்பான். வீட்டில் சொல்லும் தொகையும் பல நேரம் முழுத் தொகை அல்ல. அவமானத்தில் பாதியை மறைத்திருப்பான்.

அதனால், முதலில் கேட்க வேண்டியது முழுக் கணக்கை. சிபில் போன்ற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. மகனையே எடுக்கச் சொல்லி, சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அனுமதியில்லாத ஆப் கடன்கள் அதில் வராது. அவற்றை அவன்தான் சொல்ல வேண்டும்.

மேஜரான பிள்ளை தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, நீங்கள் கையெழுத்துப் போடாதவரை சட்டப்படி பொறுப்பில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை வேறு. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பிறகும் தவணைக்காக போன் செய்யக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டினால் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

சரி, மகனிடம் எப்படிச் சொல்வது? "இனிமே ரம்மி ஆடக் கூடாது" என்பது கட்டளை. மீறினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. "சாப்பாடு இருக்கு, உன் ரூம் இருக்கு, டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன். கடன் கட்டப் பணம் மட்டும் தர மாட்டோம்" என்பதுதான் எல்லை. அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. சண்டை நடக்கும்போதோ, சொந்தக்காரர்கள் முன்னாலோ இதைச் சொல்லாதீர்கள். அப்பா கண்டிப்பாகப் பேச, அம்மா சமையலறையில் ரகசியமாக ஜிபே செய்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பாட்டி, அக்கா வரை எல்லோருக்கும் ஒரே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று ஒரு பெரியவர் நிச்சயம் வருவார். அந்தக் கடனை யாரோ வீட்டுப் பெண்ணின் நகைக்கு மாற்றிவிடும் யோசனை அது. தயவுசெய்து வேண்டாம்.

"பணம் தரலைன்னா செத்துடுவேன்" என்றால்? மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். பயந்து பணத்தையும் நீட்டாதீர்கள். அவனைத் தனியே விடாமல் கூடவே இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், 104-க்கும் அழைக்கலாம். நிலைமை கைமீறினால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வாய்விட்டுச் சொல்லாத பிள்ளை திடீரென அமைதியாகி, அறைக்குள்ளேயே முடங்கினாலும் இதேதான்.

முதல் சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டான். தட்டில் சோறு போட்டு வையுங்கள். கடன் பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். ஏற்கெனவே அவனுக்காக அடகு வைத்த வளையலின் ரசீதை அவனிடமே கொடுங்கள். மாதம் 500 ரூபாய் என்றாலும், அந்த வட்டியை அவன் கையாலேயே கடைக்குப் போய்க் கட்டட்டும்.