திருவிழா முடிந்த பிறகும் பேசுவோம்

எங்கள் படிப்பு வட்டம் இரவு 7 மணிக்குக் கூடும். அன்றைய பாடம் மனு எழுதுதல். ரேஷன் கடைக்கு ஒரு மனு எழுதினோம். தெரு விளக்குக்கு ஒரு மனு எழுதினோம். "அடுத்து, காவல் நிலையத்துக்கு ஒரு புகார் எழுதிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது.

ஒரு பெரியம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "அது மட்டும் வேண்டாம் கண்ணு. எழுதப் பழகினா அங்கே போகவும் வேண்டி வந்துடும்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

முந்தின வருடம் அவருடைய இரண்டு ஆடுகள் திருட்டுப் போயின. பேத்தியின் படிப்புச் செலவுக்காக வளர்த்த ஆடுகள் அவை. ஆனாலும் அவர் புகார் கொடுக்கவில்லை. "ஆடு போனா போகட்டும். ஸ்டேஷன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று இருந்துவிட்டார்.

இதில் லாபம் யாருக்கு? திருடனுக்குத்தான். நாம் காவலரைக் கண்டு பயப்படும் வரை திருடனுக்குப் பயம் இல்லை.

ஏன் இந்தப் பயம்?

இந்தப் பயம் நேற்று வந்தது அல்ல. 1857இல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பெரிய எழுச்சி நடந்தது. அதன் பிறகு, 1861இல், ஆங்கில அரசு ஒரு போலீஸ் சட்டம் கொண்டு வந்தது. ஆட்சிக்கு எதிராக மக்கள் எழாமல் பார்த்துக்கொள்வது அன்றைய காவல் துறையின் முக்கிய வேலை. 1947இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் பழைய பழக்கம் ஒரே நாளில் போகவில்லை.

நம் சொந்த அனுபவமும் உண்டு. புகார் கொடுக்கப் போனவரை மணிக்கணக்கில் நிற்க வைப்பது, மரியாதை இல்லாமல் பேசுவது, ஏழை என்றால் ஒரு பேச்சு, பணக்காரர் என்றால் ஒரு பேச்சு. இவை நடக்கின்றன. நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

காவலர் பக்கமும் பார்ப்போம். தீபாவளி அன்று நாம் வீட்டில் இருப்போம். அவர் தெருவில் நிற்பார். தேர் ஓடும்போது நாம் வடம் பிடிப்போம். அவர் கூட்டத்தைப் பிடிப்பார். வேலைக்கு நேரம் காலம் இல்லை. ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடும்.

அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கு அவரைத் தெரியாது. சண்டை வந்த நாளில்தான் இருவரும் முதல் முறையாகச் சந்திக்கிறோம். அன்று அவர் கையில் தடி இருக்கிறது. நம் மனதில் கோபம் இருக்கிறது. அந்த நாளில் எப்படி நட்பு வரும்?

பிவண்டியின் கதை

மகாராஷ்டிர மாநிலத்தில் மும்பைக்கு அருகில் பிவண்டி என்ற ஊர் இருக்கிறது. விசைத்தறிக்குப் பேர் போன ஊர். இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் வந்து தறி ஓட்டுகிறவர்கள் பலர்.

1970 மே மாதம் அங்கே சிவாஜி ஜெயந்தி ஊர்வலம் நடந்தது. அந்த ஊர்வலத்தில் கலவரம் வெடித்தது. பலர் இறந்தார்கள். வீடுகளும் தறிகளும் எரிந்தன. 1984இல் மீண்டும் கலவரம். பிவண்டி, தானே, மும்பை ஆகிய இடங்களில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

1988இல் சுரேஷ் கோப்டே என்பவர் அங்கே காவல் துறைத் துணை ஆணையராக வந்தார். கலவரம் வந்த பிறகு ஓடுவதை விட, வருவதற்கு முன்பே பேசுவது நல்லது என்று அவர் நினைத்தார். பகுதிதோறும் 'மொகல்லா குழு' அமைத்தார். மொகல்லா என்றால் நாம் சொல்லும் தெரு, பேட்டை போன்றது. குழுவில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தப் பகுதிக் காவலரும் அவர்களோடு உட்கார்ந்தார்.

ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், எத்தனை மணிக்குப் போகும் என்பதை எல்லாம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசலாம். சின்னச் சின்னத் தகராறுகளும் பெரிதாகும் முன்பு அங்கே பேசப்பட்டன.

இதனால் என்ன பயன்? வதந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "அந்தத் தெருவில் நம் ஆளை வெட்டிவிட்டார்களாம்" என்று ஒருவன் சொல்கிறான். அந்தத் தெருவில் உங்களுக்கு யாரையும் தெரியாது என்றால் என்ன செய்வீர்கள்? நம்பிவிடுவீர்கள். தெரிந்தவர் இருந்தால் அவரைக் கேட்பீர்கள். தெரிந்த காவலரையும் கேட்பீர்கள். உண்மை தெரிந்துவிடும். கையில் எடுத்த கல் கீழே விழும்.

1992 டிசம்பர் 6இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதன் பிறகு டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தது. சுமார் 900 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த பிவண்டி அமைதியாக இருந்தது. இரண்டு முறை எரிந்த ஊர் அந்த முறை எரியவில்லை.

இதைப் பார்த்து மும்பையிலும் 1994இல் மொகல்லா குழுக்கள் தொடங்கின. ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ போன்றவர்கள் இதில் உழைத்தார்கள். அமைதிக்காகக் கிரிக்கெட் போட்டிகளும் நடத்தினார்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. 2006 ஜூலை மாதம் அதே பிவண்டியில் ஒரு காவல் நிலையம் கட்டுவது பற்றித் தகராறு வந்தது. துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். கூட்டத்தின் கையில் 2 காவலர்கள் இறந்தார்கள். நான்கு வீடுகளில் ஒப்பாரி.

இது நமக்கு என்ன சொல்கிறது? நம்பிக்கை என்பது ஒரு முறை கட்டிவிட்டுப் போகிற வீடு அல்ல. தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டிய செடி.

மற்ற இடங்களில்

தமிழ்நாட்டில், ராமநாதபுரம் மாவட்டத்தில், 1993இல் 'காவல் துறை நண்பர்கள்' அமைப்பு தொடங்கியது. அப்போது அங்கே மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் அதைத் தொடங்கினார். பொதுமக்கள் விருப்பத்தோடு காவல் துறைக்கு உதவ முன்வந்தார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. உதவ வருகிறவர் காவலர் ஆகிவிட மாட்டார். யாரையும் பிடித்து விசாரிக்கவோ அடிக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. அடிக்கும் உரிமை காவலருக்கும் கிடையாது.

கேரளத்தில் 2008இல் 'ஜனமைத்ரி' திட்டம் வந்தது. மக்கள் நட்பு என்பது அதன் பொருள். ஒரு பகுதிக்கு ஒரு காவலர் பொறுப்பு. அவர் வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும். தனியாக வாழும் முதியவர் யார், குடி அதிகம் உள்ள இடம் எது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க் குழுவும் அவரும் கூடிப் பேச வேண்டும்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

நம் ஊரில் விழாக்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விளையாட்டு, சந்தனக்கூடு, தேர், பள்ளி ஆண்டு விழா, ரத்த தானம் எல்லாம் உண்டு. காவலரை அங்கே பாதுகாப்புக்கு மட்டும் அழைக்கிறோம். விருந்தாளியாகவும் அழைக்கலாம். இளைஞர்களோடு கபடி ஆடச் சொல்லலாம். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959இல் லடாக்கில் சீனப் படையின் தாக்குதலில் 10 காவலர்கள் இறந்த நாள் அது. அந்த நாளில் பிள்ளைகளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகலாம்.

ஆனால் மாலை போட்டு, போட்டோ எடுத்து, கலைந்து போனால் போதாது. விழா கதவைத் திறக்கும். உள்ளே போய் உட்கார்ந்து பேச வேண்டும். மாதம் ஒரு நாள் வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட தெருவில் இருப்பவர்களும் இருக்க வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது பழைய கதைதான்.

தெரிந்துகொள்வோம்

பழக்கம் வேறு, உரிமை வேறு. காவலர் தெரிந்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை நம் உரிமை:

திருட்டு, அடிதடி போன்ற குற்றம் பற்றி வாயால் சொன்னாலும் போதும். காவலர் அதை எழுதிப் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலை, அதாவது எஃப்.ஐ.ஆர். நகலை, இலவசமாகத் தர வேண்டும்.

குற்றம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம் இதைச் சொல்கிறது.

புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

சாட்சி விசாரணைக்காகப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.

அவசரத்துக்கு 112 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

பெரியம்மா கேட்ட கேள்வி

செப்டம்பர் 8 எழுத்தறிவு நாள். அன்று எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஒரு பெண் காவலரை அழைத்தோம். அவர் வந்து பாயில் உட்கார்ந்தார். எங்கள் சுண்டலைச் சாப்பிட்டார். தன் அம்மாவும் கையெழுத்து மட்டும்தான் போடுவார் என்றார்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பெரியம்மா கேட்டார். "நான் எழுதிக் கொடுத்தா, வாங்கினதுக்கு அத்தாட்சி தருவீங்களா?"

"தர வேண்டும் அம்மா. தராவிட்டால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை" என்றார் அந்தக் காவலர்.

ஆடுகள் திரும்பி வரவில்லை. ஆனால் மறுநாள் பெரியம்மா தானாகவே பென்சிலை எடுத்தார். 'அனுப்புநர்' என்று எழுதினார். அதன் கீழே தன் பெயரை எழுதினார். பிறகு 'பெறுநர்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு பேரு எனக்குத் தெரியும். அதை எழுதலாமா?" என்று கேட்டார்.

"பதவியை எழுதினால் போதும் பெரியம்மா. ஆனால் பேரையும் மறக்காதீர்கள்" என்றேன்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் யாராவது ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் கொடுக்காமல் விட்ட புகார் ஏதாவது உண்டா? ஏன் விட்டீர்கள்?

அடுத்த விழாவுக்கு முன்பு யார் யார் கூடிப் பேச வேண்டும்? பட்டியல் எழுதுங்கள்.