பத்தாயிரம் ஏரிகள் – 9: சின்ன வாய்க்குச் சின்ன முள்

மினசோட்டாவில் தூண்டில் சாமான் கடைக்குள் புதிதாக நுழைகிறவர் அந்தச் சுவரைப் பார்த்து மலைத்துப்போவார். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, இருட்டில் ஒளிர்வது என்று அட்டை அட்டையாக ஜிக்குகள் தொங்கும். ஜிக் என்பது முள்ளின் கழுத்தில் சின்ன உலோகக் குண்டை வார்த்து, வாலுக்கு இறகோ மயிரோ மெல்லிய பிளாஸ்டிக்கோ சேர்த்த பொய்யிரை. எடையும் முள்ளும் அதில் ஒன்றுதான். என் முதல் கோடையில் கண்ணுக்குப் பிடித்த நிறங்களாகப் பார்த்து வாங்கி வந்தேன். மாலை முழுக்க மீன் தட்டிக்கொண்டே இருந்தது, ஒன்றும் மாட்டவில்லை.

காரணம் மறுநாள் காலையில் படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தெளிந்த நீர், நாலடி ஆழம். ஒரு புளூகில் வந்தது. கையகல மீன், செவுள் மூடியின் ஓரத்தில் கறுத்த மடல். ஜிக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்று, பக்கத்துடுப்புகளை மட்டும் அசைத்தபடி உற்றுப் பார்த்தது. பிறகு கடிக்கவில்லை, உறிஞ்சியது. நீரோடு சேர்ந்து வாலின் நுனி மட்டும் வாய்க்குள் போனது. குண்டு அசையவே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

உடம்பு கையகலம் இருந்தாலும் அதன் வாய் சுண்டுவிரல் நுனி அளவுதான். நீர்ப்பூச்சிப் புழுக்களையும் மிதவை உயிரிகளையும் உறிஞ்சித் தின்று பழகிய வாய். அந்த உறிஞ்சலுக்கு எழும்பி வராத ஜிக், என்ன நிறமாக இருந்தாலும் வீண்.

ஆகவே முதலில் எடையைப் பாருங்கள். புளூகிலுக்கு 1/64 அவுன்ஸ், அதாவது அரை கிராமுக்கும் குறைவு. கொஞ்சம் காற்றடித்தால் 1/32; அதுவும் ஒரு கிராம் வராது. முள் 8 அல்லது 10ஆம் எண். எண் ஏற ஏற முள் சிறுக்கும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். இத்தனை இலேசானதைத் தடித்த நரம்பில் கட்டினால் எறியவே முடியாது. 2 முதல் 4 பவுண்டு தாங்கும் நரம்பு போதும். ஜிக்குக்கு மேலே ஒரு சின்னத் தக்கையைக் கட்டினால் எறிவதற்கு வேண்டிய எடையும் கிடைக்கும், ஆழமும் நம் கையில் இருக்கும்.

இங்கே பேன்ஃபிஷ் என்று பொதுப்பெயரில் சொல்வது, வாணலியில் முழுசாகப் போட்டுப் பொரிக்கிற அளவுள்ள மீன்களை. புளூகில், பம்கின்சீட், மஞ்சள் பெர்ச், கிராப்பி எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் கிராப்பி தனி ரகம். வாய் பெரிது, சின்ன மீன்களையே விழுங்கும். ஆனால் வாயைச் சுற்றியுள்ள தோல் காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அதற்குக் காகித வாயன் என்றே பட்டப்பெயர் உண்டு. 1/16 அவுன்ஸ் வரை போகலாம், 4 அல்லது 6ஆம் எண் முள். கிராப்பி மேல்நோக்கித்தான் இரை தேடும். மீன் இருக்கும் ஆழத்துக்கு ஓர் அடி மேலேயே ஜிக் நிற்கட்டும். கீழே போனால் அதன் கண்ணில் படாது. அது இரையைக் கவ்வி மேலே எழும்போது தக்கை அமிழாது, சாய்ந்து படுத்துக்கொள்ளும். தக்கை படுத்தாலும் மீன்தான்.

நிறத்தைப் பற்றித்தான் கரையில் அதிகம் பேசுவார்கள். என் அனுபவத்தில் அது மூன்றாமிடம். அளவும் விழும் வேகமும்தான் முன்னால். கலங்கிய நீரில் எலுமிச்சைப் பச்சையோ இளஞ்சிவப்போ, தெளிந்த நீரில் பழுப்பு, கறுப்பு, வெள்ளை. இதற்கு மேல் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு ஜிக்தான் வாங்கலாம் என்றால் மராபு ஜிக்கை வாங்குவேன். ஒரு காலத்தில் மராபு நாரையின் பூமயிரில் கட்டினார்கள். இன்று வான்கோழியின் மென்னிறகு. நீரில் ஜிக் சும்மா நிற்கும்போதும் அந்த மயிர் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். ஆட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. லேசாக ஒரு சுண்டு, பிறகு பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள்.

ஒரு சின்னக் கைவேலை. ஜிக் நீரில் படுக்கை வாட்டத்தில் தொங்க வேண்டும். ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும் நரம்பு கட்டிய முடிச்சு ஜிக்கின் வளையத்தில் முன்பக்கமாக நழுவி, ஜிக் செங்குத்தாகத் தொங்க ஆரம்பிக்கும். நகத்தால் முடிச்சை வளையத்தின் உச்சிக்குத் தள்ளிவிட்டு மறுபடி எறியுங்கள். மீன் நகர்ந்துவிட்டது என்று இடம் மாறுகிறவர்கள் பலருக்கு உண்மையான கோளாறு இந்த முடிச்சுதான்.

அந்தச் சின்னக் குண்டு எதனால் ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் ஈயம். அது இந்த ஏரிகளின் ஒரு பறவைக்கு எமன். மினசோட்டாவின் மாநிலப் பறவை லூன்; 1961 முதல் அந்தப் பெருமை அதற்கு. இரவில் அது கூவுவதைக் கேட்டவர்களுக்கு ஏரி என்றாலே அந்தக் குரல்தான். லூன் தின்ற மீனை அரைக்கக் கூழாங்கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்ளும். அறுந்து விழுந்த ஈய ஜிக்கையும் கல்லென்று விழுங்கும், அல்லது ஜிக் குத்திய மீனோடு சேர்த்து விழுங்கும். அரைவைப்பையின் அமிலத்தில் ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. ஒரு ஜிக் போதும்; சில வாரங்களில் பறவை செத்துவிடும். மாசசூசெட்ஸில் 1 அவுன்ஸுக்குக் குறைவான ஈய ஜிக்குகளை உள்நாட்டு நீர்நிலைகளில் பயன்படுத்த 2012 முதல் தடை. நியூ ஹாம்ப்ஷயரிலும் தடை உண்டு.

மாற்று இல்லாமல் இல்லை. டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி. அதே எடைக்குக் குண்டு இன்னும் சிறுத்துவிடுகிறது. குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் அதைத் தேடி வாங்குவது இதனால்தான். சின்ன வாய்க்கும் பொருந்தும், ஆழத்துக்கும் விரைந்து இறங்கும். விலை கூடுதல் என்பது மெய். ஆழமில்லாத கரையோரத்தில் மெதுவாக விழ வேண்டும் என்றால் வெள்ளீயம் இருக்கிறது; ஈயத்தைவிட இலேசானது.

அமெரிக்காவில் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போகும் வாசகர்கள் இந்த வாரம் தூண்டில் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய ஈய ஜிக்குகளைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். குப்பையில் போடாமல், உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் சேர்த்துவிடுங்கள்.

(தொடரும்)