கொடிக் கம்பம் ஏன் ஒடிந்தது?

எங்கள் வீடு திருமுல்லைவாயலில். போன கார்த்திகையில் ஆயா துணி காயப்போடும் சவுக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாங்க. கம்பம் படக்கென்று ஒடிந்தது. மணிக்கட்டில் மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று.

"கரையான்தான்" என்றார் அப்பா. தோண்டிப் பார்த்தேன், ஒரு பூச்சிகூட இல்லை. மரம் மட்டும் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி பிய்ந்து வந்தது. அதுவும் தரை மட்டத்தில்தான். மண்ணுக்குள் இருந்த முனை ஓரளவு கெட்டியாகவே இருந்தது!

அறிவியல் சாரிடம் காட்டினேன். "இது பூஞ்சையோட வேலைப்பா" என்றார். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. அதற்கு ஈரம், காற்று, இதமான சூடு எல்லாம் சேர்ந்து வேணும். தரை மட்டத்தில் மூன்றும் கிடைக்கும். ஆழத்தில் காற்று குறைவு.

1971-இல் அமெரிக்காவின் ஷெஃபர் என்பவர் இதற்கு ஒரு கணக்கே சொன்னார். மாதச் சராசரி வெப்பத்தில் (செல்சியஸ்) 2 கழிக்கணும். மழை நாட்களில் 3 கழிக்கணும். இரண்டையும் பெருக்கி, 12 மாதத்துக்கும் கூட்டி, 16.7-ஆல் வகுக்கணும். விடை 35-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 65-க்கு மேலே என்றால் அதிகம். இது மண்ணில் படாத மரத்துக்கு. நட்ட கம்பத்தின் கதி இன்னும் மோசம்.

நவம்பரில் 26 டிகிரி, 13 நாள் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 × 10 = 240. வகுத்தால் 14-க்கு மேல், ஒரே மாதத்தில்! மே மாதம் 33 டிகிரி, 2 நாள் மழை என்றால் மைனஸ் வரும், அதைச் சைபர் என்றே எடுக்கணும். அக்னி நட்சத்திரத்தில் பூஞ்சைக்குப் பட்டினி. ஆனால் அந்த வெயில்தான் கம்பத்தில் வெடிப்பு விடுகிறது. ஐப்பசி மழை அந்த வெடிப்பு வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது.

எங்க ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் உண்டு. எருக்கு எவ்வளவு மெத்தென்ற கட்டை! கூரைக்குள் நனையாமல் நிற்பதால்தான் தப்பித்தது என்பது என் அபிப்பிராயம். ஆயா ஒத்துக்கலை, "அது சாமி காரியம்டா" என்கிறாங்க.

அப்பா இப்போ இரும்புக் குழாய் நட்டுட்டார்.

நேற்று நம்ம வாலிபால் நெட் கட்டும் சவுக்குக் கம்பத்தையும் ஆணியால் குத்திப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் ஆணி இறங்கவே இல்லை. தரை மட்டத்தில் முக்கால் அங்குலம் சுலபமாக இறங்கிச்சு. பி.டி. சாரிடம் சொல்லியிருக்கேன். மாற்றும்வரை ஆறாம் வகுப்புப் பசங்க யாரும் அதில் தொங்காதீங்க.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு