கோழி வாங்குவதற்கு முன் கூண்டுக்கு இடம் பாருங்கள்!

கொல்லையில் நாலு நாட்டுக்கோழி இருந்தால் வீட்டுக்கு முட்டை ஆச்சு, மிஞ்சினால் கைச்செலவுக்குக் காசும் ஆச்சு. இப்படி நினைத்துத்தான் பலரும் சந்தையில் ஐந்தாறு கோழிகளை வாங்கி வருகிறார்கள். 'இதுகளை எங்கே அடைப்பது?' என்ற கேள்வி அன்று சாயங்காலம்தான் வருகிறது. மாடிப்படிக்கு அடியில், பாத்ரூம் சுவரை ஒட்டி, பழைய மரப்பெட்டியில் என அவசரத்துக்கு ஓர் இடம் பிடிக்கிறார்கள். நாளடைவில் அதுவே நிரந்தரமாகிவிடுகிறது.

முதல் அடைமழையில் தரை ஊறுகிறது, கோழிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து விழுகின்றன. அதிலிருந்து தப்பினாலும், ஒரே ராத்திரியில் மரநாய் புகுந்து எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிடுகிறது. ''நமக்குக் கோழி ராசியில்லை'' என்று கூண்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

நாட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகள்தான் இடும். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு பெட்டைக்கோழி போனாலே வீட்டுக்குப் பெரிய நஷ்டம்தான். இந்த இழப்புகளில் பலவற்றைக் கூண்டுக்கு இடம் குறிக்கும் அன்றே தவிர்த்துவிடலாம்.

எங்கே வைப்பது?

மழை பெய்து முடிந்ததும் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பாருங்கள். முதலில் காயும் மேடான இடம்தான் கூண்டுக்கு ஏற்றது. மேடு இல்லையென்றால் மண் கொட்டி ஓர் அடியாவது உயர்த்திக்கொள்ளுங்கள்.

கிணறு, போர்வெல்லை விட்டுத் தள்ளி வையுங்கள். கூண்டைக் கழுவிய தண்ணீரும் மழைநீரும் அந்தப் பக்கம் ஓடக் கூடாது. அதற்காகக் கொல்லையின் கடைக்கோடிக்கும் போக வேண்டாம். ராத்திரி கோழிகள் கத்தினால் வீட்டுக்குள் கேட்க வேண்டும். மழை தூறும் சாயங்காலத்திலும் சலிக்காமல் போய்க் கதவைச் சாத்தும் தூரமாக இருக்க வேண்டும்.

வேம்பு, முருங்கை நிழல் நல்லது. ஆனால், கிளை கூரையைத் தொடக் கூடாது. மரநாய்க்கும் பாம்புக்கும் அதுதான் ஏணி. தென்னைக்கு நேர்கீழே வைத்தால் மட்டையோ காயோ விழுந்து கூரை உடையும்.

எந்தத் திசை?

கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் சரி. கடுமையான காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். வடக்கு, தெற்குப் பக்கங்களில் கம்பிவலை அடித்தால் காற்று குறுக்கே புகுந்து வெளியேறும்.

ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாரலாக அடிக்கும். அதனால் வடக்குப் பக்கத்துக் கூரையை இரண்டு, மூன்று அடி வெளியே நீட்டிவிடுங்கள். மழைநாளில் இறக்கிவிட ஒரு படுதாவும் வேண்டும். கோவை, பொள்ளாச்சி, தென்காசி போன்ற ஊர்களில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும். அங்கெல்லாம் மேற்குப் பக்கத்தைச் சுவராகவோ பலகையாகவோ அடைத்துவிடுவது நல்லது.

எவ்வளவு பெரிது?

பகலில் மேய்ந்துவிட்டு ராத்திரி மட்டும் அடையும் கோழிக்குத் தலா இரண்டு சதுர அடி போதும். ஆறு கோழிகளுக்கு நாலுக்கு மூன்றடி கூண்டு சரியாக இருக்கும். பகலிலும் அடைத்தே வளர்ப்பதாக இருந்தால், காலாற நடக்கவும் மண்ணைக் கிளறவும் வலை போட்ட திறந்தவெளி தனியாக வேண்டும்.

கோழிகள் உயரத்தில் உட்கார்ந்து தூங்கவே விரும்பும். ஓரம் மழுங்கிய, இரண்டு அங்குல அகலமுள்ள சட்டத்தைக் குறுக்கே பொருத்துங்கள். ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குல இடம் வேண்டும். நாலடிக் கூண்டில் இரண்டு சட்டங்கள் போட்டால் ஆறும் நெருக்கமில்லாமல் உட்காரும். முட்டையிட, ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் வைக்கோல் போட்ட பெட்டியை இருட்டான மூலையில் வையுங்கள். நாலைந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி போதும். உட்காரும் சட்டத்தைவிடப் பெட்டி தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோழிகள் அதில் ஏறித் தூங்கி, முட்டையிடும் இடத்தை எச்சமாக்கிவிடும்.

கூரைக்கு வெறும் தகரம் வேண்டாம், சித்திரை வெயிலில் உள்ளே அனல் கொதிக்கும். ஓடு நல்லது. தகரம்தான் இருக்கிறது என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள்.

ராத்திரி எதிரிகள்

பகலில் கீரியும் காகமும் பருந்தும் குஞ்சுக்குக் காத்திருக்கும். ராத்திரி மரநாய், காட்டுப்பூனை, பாம்பு. சாதாரண அறுகோணக் கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் இழுத்தால் கிழிந்துவிடும், பாம்பும் நுழைந்துவிடும். கீழ்ப்பகுதிக்காவது அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போடுங்கள். அதை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்துவிட்டால் தோண்டி நுழைவதும் நடக்காது.

பொழுது சாய்ந்ததும் கோழிகள் தாமாகவே கூண்டுக்கு வந்துவிடும். எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெறும் கொக்கியை நம்பாமல் தாழ்ப்பாள் போடுங்கள். 'சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சாத்தலாம்' என்று தள்ளிப்போடும் நாளில்தான் இழப்பு நடக்கிறது. முட்டையைக் காலையிலும் மாலையிலும் எடுத்துவிடுங்கள். சிந்திய தீனியையும் கூட்டிவிடுங்கள். தீனிக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

தரை காய்ந்திருக்கட்டும்

தரையில் உமி, கடலைத் தோல், தேங்காய் நார்க்கழிவு இவற்றில் கிடைப்பதை இரண்டு, மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். எச்சத்தின் ஈரத்தை இது உறிஞ்சிக்கொள்ளும். வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நெடி கோழியின் கண்ணையும் சுவாசத்தையும் கெடுக்கும்.

அள்ளிய எருவை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகிவிடும். சில மாதங்கள் மக்கவைத்துப் போட்டால் கத்தரியும் முருங்கையும் தழைக்கும்.

உண்ணி மரச்சட்டத்தின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் பகலில் ஒளிந்துகொண்டு, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். உண்ணி ரத்தம் குடிக்காமலே பல மாதங்கள் உயிரோடிருக்கும். அதனால் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். பக்கத்திலேயே சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து ஒரு குழியில் போட்டுவையுங்கள். கோழிகள் அதில் புரண்டு தாமே சுத்தம் செய்துகொள்ளும்.

தண்ணீரும் தடுப்பூசியும்

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். வெயில் நாளில் ஒரு கோழி அரை லிட்டர் வரைகூடத் தண்ணீர் குடிக்கும். பாத்திரத்தை நிழலில் வைத்து, தினமும் கழுவி நிரப்புங்கள்.

எவ்வளவு நல்ல கூண்டாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்காது. இதற்கு ராணிக்கேட் நோய் என்றும் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், இறக்கை தொங்குவது இதன் அறிகுறிகள். வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை இறந்துவிடலாம். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. கொசுக்கடியால் பரவும் கோழி அம்மைக்கும் தடுப்பூசி இருக்கிறது. இவற்றைப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கால்நடைத்துறை வழக்கமாக பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சலுக்கு இலவச முகாமும் நடத்துகிறது.

சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இறந்த கோழியைக் குப்பையிலோ குளத்திலோ வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பல கோழிகள் திடீரென இறந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். கூண்டுக்குள் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் குழந்தைகளுக்கும் பழக்குங்கள்.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள்

நகரத்தில் கோழி வளர்க்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அலுவலகத்திலும், வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் முதலில் கேட்டுவிடுவது நல்லது. பக்கத்து வீட்டின் ஜன்னலுக்கு நேரே கூண்டை வைக்காதீர்கள். விடியற்காலைக் கூவல் தொந்தரவு என்றால் சேவல் இல்லாமலே வளர்க்கலாம். முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை.

இவ்வளவுக்கும் ஒரு நாளில் ஆகும் நேரம் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். அந்த இருபது நிமிடத்தை ஒதுக்க வீட்டில் யார் தயார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு கூண்டைக் கட்டுங்கள். கோழியைக் கடைசியாக வாங்கிக்கொள்ளலாம்.