போக்சன் கண்ட வால்நட்சத்திரம்

எண்ணூரில், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்து மணலில் கார்த்திகை மாதப் பின்னிரவில் நின்று நோக்குவோமாயின், அனல்மின் நிலையங்களின் விளக்கொளி வடவானத்தை வெளிறச் செய்தபோதிலும், கடலுக்கு மேலே தென்கிழக்கு ஆகாயம் ஓரளவு இருண்டே இருக்கும். விடிவதற்குச் சற்று முன்னர் சென்டாரஸ் என்னும் நட்சத்திர மண்டலம் அத்திசையிலேதான் எழுகின்றது. 1872 நவம்பர் இறுதியில், ஜெர்மனியின் கட்டிங்கன் நகரத்து வானியலறிஞர் கிளிங்கர்ஃபூஸ், நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்துக்குத் தந்தியடித்தது இம்மண்டலத்தைக் குறித்தே.

பியேலா என்னும் வால்நட்சத்திரம் 1846இல் இரண்டாகப் பிளவுண்டு, 1852க்குப் பின் எவர் கண்ணிலும் படாது மறைந்திருந்தது. நவம்பர் 27 அன்று ஐரோப்பிய வானில் எரிநட்சத்திரங்கள் மழையெனப் பொழியவே, பியேலா பூமியை உரசிச் சென்றதென்று அனுமானித்த அவர், சென்டாரஸின் தீட்டா நட்சத்திரத்தருகே அதைத் தேடுமாறு வேண்டினார். கட்டிங்கனில் அந்நட்சத்திரம் அடிவானத்தை விட்டு எழும்புவதே அரிது. 13ஆம் அட்சரேகையிலுள்ள நமக்கோ அது நன்றாகத் தெரியும்.

நிலையத்தின் தலைவர் போக்சன், பருவமழை மேகங்களின் இடைவெளியில், டிசம்பர் முதல் வாரத்து இரண்டு விடியற்காலைகளில் அவ்விடத்திலே ஒளிமங்கல் ஒன்றைக் கண்டார். முதல் நாள் வாலின்றி வட்டமாக இருந்த அது, மறுநாள் மெல்லிய வாலுடன் விளங்கியது.

தூரதரிசனியில் மங்கலாய்த் தெரிவன யாவும் வால்நட்சத்திரமல்ல. அதே மண்டலத்தில், ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், சென்டாரஸ் ஏ என்னும் அண்டம் அவ்வாறே புகைத்திட்டாகத் தோன்றும். ஆனால் அண்டம் நட்சத்திரங்களிடையே இம்மியும் நகராது. பனிக்கட்டியும் தூசும் செறிந்து சூரியனைச் சுற்றிவரும் வால்நட்சத்திரமோ, நமக்கு மிக அருகில் இருப்பதால், இரவுக்கிரவு இடம் பெயரும். அப்பெயர்ச்சியே அதன் அடையாளம்.

அதன் பாதையைக் கணிக்கவோ மூன்று நிலைகளேனும் வேண்டும். மூன்றாம் முறை போக்சனுக்கு வாய்க்கவில்லை, மேகம் மறைத்துவிட்டது. அவர் கண்டது பியேலா அன்று என்பதே பிற்காலத்தார் முடிபு. வேறெவரும் அதைக் கண்டிலர். ஆதலால், அன்பர்களே, வானில் புதியதோர் மங்கலைக் காண நேர்ந்தால், அருகிலுள்ள நட்சத்திரங்களோடு அதை வரைந்து, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுகளோடு நின்றுவிடாதீர்கள்.